வறண்ட முகத்துக்குக் கொரிய டோனர்: பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

பாட்டிலின் முன்பக்கத்தில் அரிசி இருக்கும், பிர்ச் மரச் சாறு இருக்கும், ஆழ்கடல் நீர் இருக்கும், 'பத்து வகை ஹைலூரோனிக்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். வறண்ட முகத்துக்கு டோனர், அதாவது முகம் கழுவியதும் கிரீமுக்கு முன் பூசும் நீர்மம், தேடுகிறவர்கள் பெரும்பாலும் இதைப் படித்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள். போட்ட அரை மணி நேரத்தில் முகம் மறுபடி இழுக்கும்போது, "கொரியப் பொருள், பிரமாதம் என்றார்களே" என்று புலம்பல். விஷயம் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது.

கொரியாவில் 2008 அக்டோபரிலிருந்து அழகுசாதனப் பொருள்களின் எல்லாச் சேர்மானங்களையும் அச்சிட்டே ஆகவேண்டும். அதிகம் உள்ளது முதலில், குறைவானது பின்னால். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். விளையாட்டு நடப்பது இந்தச் சலுகையில்தான். துளியூண்டு சேர்த்த அழகான பெயரை அந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் நிறுத்திவிடலாம்.

1 சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஃபினாக்ஸியெத்தனால் என்ற பதப்படுத்தியை 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்க அனுமதியில்லை. கெட்டியாக்கவும் கெடாமல் காக்கவும் சேர்க்கும் சாந்தன் கம், டைசோடியம் இ.டி.டி.ஏ., எத்தில்ஹெக்ஸைல்கிளிசரின் இவையும் வழக்கமாக அதற்குக் கீழேதான் சேரும். இவற்றில் ஏதாவது ஒன்று பட்டியலில் வந்துவிட்டால், அதற்குப் பின்னால் நிற்பவை எல்லாம் சொற்பம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆகவே டோனரின் உண்மையான குணத்தைச் சொல்பவை முதல் ஐந்தாறு பெயர்கள்.

வறண்ட சருமத்துக்குப் பார்க்க வேண்டிய வரிசை ஏறக்குறைய இப்படி: தண்ணீர், கிளிசரின், பியூட்டிலீன் கிளைக்கால், 1,2-ஹெக்ஸேன்டையால், பாந்தெனால், பீட்டெய்ன். தண்ணீரைத் தவிர மற்றவை ஈரத்தைப் பிடித்துவைப்பவை. இதில் கிளிசரின் இரண்டாவது அல்லது மூன்றாவது இடத்தில் இருப்பது நல்ல அறிகுறி. மலிவான, பழைய, யாரும் முன்பக்கத்தில் பெருமையாகப் போடாத பொருள்; ஆனால் தோலின் மேலடுக்கில் நீரைப் பிடித்து வைப்பதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. அளவு கூடிவிட்டால் மட்டும் பிசுபிசுக்கும். பீட்டெய்ன் சேர்ந்தால் அந்தப் பிசுக்கு கொஞ்சம் குறையும்.

முன்பக்கத்தில் 'ஹைலூரோனிக்' என்று பெருமைப்படும் பொருளின் உப்பு வடிவமான சோடியம் ஹைலூரோனேட் பட்டியலின் கடைசியில் கிடக்கிறதே என்று கோபப்பட வேண்டாம். பெரிய மூலக்கூறு வகையை 1 சதவீதம் கரைத்தாலே தண்ணீர் ஜெல்லாகிவிடும். டோனரில் பத்தில் ஒரு பங்கு சதவீதம் இருந்தாலே அது தன் வேலையைச் செய்யும். அதற்காகவே கூடுதல் விலை கொடுப்பதுதான் வீண். அதேபோல '77 சதவீதம் சாறு' என்ற வகை எண்கள். அனுவாவின் ஹார்ட்லீஃப் டோனரில் 77, ஐம் ஃப்ரமின் அரிசி டோனரில் 77.78. இது இலையின் அளவோ அரிசியின் அளவோ அல்ல, ஊறவைத்து வடித்த கஷாயத்தின் அளவு. கஷாயத்தில் பெரும்பகுதி தண்ணீர் என்பது நமக்குத் தெரியாதா என்ன?

ஒதுக்க வேண்டியவை இரண்டு. முதல் ஐந்து பெயர்களுக்குள் 'ஆல்கஹால்', 'ஆல்கஹால் டினேட்', 'எத்தனால்' இருந்தால் அந்தப் பாட்டில் எண்ணெய் வழியும் முகத்துக்கானது, கீழே வைத்துவிடுங்கள். சீட்டைல், சீட்டேரைல் ஆல்கஹால் வேறு சாதி. அவை மெழுகுபோன்ற கொழுப்புப் பொருள்கள், உலர்த்தாது. இரண்டாவது, வாசனை. தோல் வெடித்து, சிவந்து இருக்கும்போது லிமோனீன், லினலூல், லாவெண்டர் எண்ணெய் எல்லாம் எரிச்சலைத்தான் கூட்டும். கிளேர்ஸ் நிறுவனத்தின் சப்பிள் பிரெபரேஷன் டோனர் இரண்டு வகையாக வருகிறது: ஒன்று நறுமண எண்ணெய்கள் சேர்ந்தது, மற்றது வாசனை இல்லாதது. பெட்டியைச் சரியாகப் பார்க்காமல் முதலாவதை வாங்கிவிட்டு, ஒத்துக்கொள்ளவில்லை என்பவர்கள் ஏராளம்.

'வெண்மை' என்று பெட்டியில் இருந்தால் என்ன பொருள்? கொரிய விதிகளின்படி அப்படிச் சொல்லிக்கொள்ளப் பயன்படும் பொருள்களில் ஒன்று நியாசினமைடு. அதற்கு வரையறுத்த அளவு 2 முதல் 5 சதவீதம். 2 சதவீதம் வறண்ட தோலுக்கு நல்லதுதான். அதற்கு மேலே போகப்போகச் சிலருக்கு முகம் சிவந்து சூடாகும்.

கொரிய வீடுகளில் டோனரை 'ஸ்கின்' என்றே சொல்லும் பழக்கம் உண்டு. அதிலேயே இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்ப்பார்கள்: பஞ்சில் நனைத்துத் துடைப்பது ஒன்று, கையில் ஊற்றி உள்ளே இறக்குவது மற்றொன்று. காஸ்ஆர்எக்ஸின் ஏ.எச்.ஏ., பி.எச்.ஏ. டோனர், சம் பை மியின் '30 நாள் மிராக்கிள்' டோனர் போன்றவை அமிலம் கலந்தவை. இறந்த செல்லை உரிப்பது அவற்றின் வேலை. தோல் செதில் செதிலாக உதிர்கிறது, உரித்து எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று இவற்றைத் தினமும் துடைப்பது, காய்ந்த புண்ணைச் சுரண்டுவதற்குச் சமம். செதில் உதிர்வது நீர் போதாததால். முதலில் நீரைக் கொடுங்கள்.

வாங்குமுன் உங்கள் முகம் எந்த வகை வறட்சி என்று தெரிந்துகொள்ளுங்கள். கழுவித் துடைத்துவிட்டு ஒன்றுமே பூசாமல் அரை மணி நேரம் விடுங்கள். கன்னம், நெற்றி, மூக்கு எல்லாம் ஒரேயடியாக இழுத்து, மதியம் வரை எண்ணெயே தலைகாட்டாவிட்டால் தோலில் கொழுப்பும் குறைவு, நீரும் குறைவு. இவர்களுக்குப் பால்போல இருக்கும் டோனர் பொருந்தும். லேனீஷின் கிரீம் ஸ்கின் இந்த ரகம். முதலில் இழுத்து, பிறகு மூக்கும் நெற்றியும் மினுமினுத்தால் கொழுப்பு இருக்கிறது, நீர்தான் இல்லை. டாரிடெனின் டைவ் இன் போன்ற நீர்த்த, எண்ணெய் இல்லாத வகை போதும். எதைத் தொட்டாலும் சிவக்கும் முகத்துக்குப் பட்டியல் சின்னதாக இருப்பதே பாதுகாப்பு: பியுன்காங் யுல்லின் எசன்ஸ் டோனரில் விரல்விட்டு எண்ணக்கூடிய சேர்மானங்கள்தான். ஹாடா லாபோவும் இதே அலமாரியில் கிடக்கும். நல்ல சரக்கு, ஆனால் ஜப்பானுடையது.

கடையில் சாம்பிள் பாட்டில் இருந்தால் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுக் கையைச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர்போல ஓடினால் இரண்டு மூன்று முறை பூச வேண்டியிருக்கும். மெதுவாக, கொஞ்சம் இழுபட்டு இறங்கினால் ஓரிரு முறை போதும். விரலால் தேய்த்து ஒரு நிமிடம் கழித்து அந்த இடத்தைத் தொடுங்கள். லேசாக ஒட்டினால் பரவாயில்லை. காகிதம்போல வழவழவென்று காய்ந்துபோயிருந்தால் அது உங்களுக்கானதல்ல. பாட்டிலைக் குலுக்கி நுரை நிற்கிறதா என்று பார்க்கும் சோதனையை மறந்துவிடுங்கள். நுரை வருவது, எண்ணெயையும் வாசனையையும் நீரில் கரையவைக்கச் சேர்க்கும் பொருள்களாலும் கெட்டிப்படுத்திகளாலும். ஈரப்பதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி பூசும் விதம். கொரியாவில் 500 வோன் நாணய அளவு என்பார்கள். நம் பத்து ரூபாய் நாணயமும் கிட்டத்தட்ட அதே வட்டம்தான். உள்ளங்கையில் அந்த அளவு, அதாவது சுமார் 1 மி.லி. முகத்தைத் துண்டால் ஒற்றிய கையோடு, ஈரம் முழுக்கக் காயும் முன் பூசுங்கள். தட்டித் தட்டிச் சத்தம் எழுப்ப வேண்டாம். உள்ளங்கையை வைத்து அழுத்தினால் போதும். இருபது, முப்பது விநாடி விட்டு இன்னொரு முறை. அது முழுக்க உலருமுன் கிரீம். இந்தக் கடைசிப் படியைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் டோனர் 'வேலை செய்வதில்லை'. கிளிசரினும் ஹைலூரோனிக்கும் நீரைப் பிடித்துக்கொள்ளும், மூடிவைக்காது. ஏசி அறையில் காற்று அதை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். ஓண்டோல் என்ற தரைச்சூடு போட்ட சியோல் குளிர்கால வீடுகளிலும் இதே கதைதான், அதனால்தான் அங்கே டோனருக்கு மேல் அடுக்கடுக்காகப் பூசுகிறார்கள்.

ஒருவேளைக்கு 2 மி.லி., நாளுக்கு 4 மி.லி. என்றால் 200 மி.லி. பாட்டில் ஐம்பது நாள் வரும். 'ஏழு ஸ்கின்' என்று ஏழு அடுக்குப் போடும் முறைக்கு நாளுக்கு 14 மி.லி.; பாட்டில் இரண்டு வாரத்தில் காலி. மூன்றாவது அடுக்குக்கு மேல் பெரிய வித்தியாசம் கிடையாது. அந்தக் காசுக்கு, தோலின் காப்பு அடுக்கில் உள்ள கொழுப்பான செராமைடு சேர்ந்த நல்ல கிரீம் ஒன்று வாங்கலாம். கன்னத்தில் பஞ்சை நனைத்து ஒட்டவைப்பதென்றால் ஐந்து நிமிடம், மிஞ்சிப்போனால் பத்து. பஞ்சு ஓரத்தில் காயத் தொடங்கினால் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு அது முகத்து ஈரத்தைத்தான் இழுக்கும்.

முகத்துக்கும் குளியல் சோப்புதான் என்றால் எந்த டோனரும் காப்பாற்றாது. கட்டிச் சோப்பின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 9, 10 வரை போகும், தோலுடையது 5 அருகே. இழுப்பு வருவது அங்கிருந்து. முதலில் சோப்பை மாற்றுங்கள்.

பூசியதும் சுரீரென்றால், ஒரு நிமிடத்தில் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கினால் தோலின் காப்பு அடுக்கு தேய்ந்திருக்கிறது. ஒரு வாரம் வெறும் கிரீம் மட்டும். அடங்காமல் தடித்தால் அந்தப் பாட்டில் ஆகாது. மேலே சன்ஸ்கிரீன் பூசும்போது அழுக்குபோல உருண்டு வருகிறதா? டோனரில் உள்ள கார்போமர் வகைக் கெட்டிப்பொருள் மேலே தங்கியிருக்கிறது. அளவைப் பாதியாக்கி, மூன்று நிமிடம் விட்டுப் பூசுங்கள். வியர்வைக் காலத்தில் நெற்றியில் ஒரே அளவுப் பொடிப் பருக்கள் அரிப்போடு கிளம்பினால், பால் டோனரில் உள்ள எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று சந்தேகப்படலாம். நீர்த்த வகைக்கு மாறியும் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். புதிதாக எதை வாங்கினாலும் தாடை ஓரத்திலோ காதுக்குப் பின்னாலோ மூன்று நாள், இரண்டு வேளை, போட்டுப் பார்த்துவிட்டு முகம் முழுக்கப் போடலாம்.

இணையத்தில் வாங்கினால் இந்திய இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கொரியத் தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கும். அதன் அருகில் கொரிய எழுத்தில் 'ஜேஜோ' என்றிருந்தால் தயாரித்த நாள். 'காஜி' என்றிருந்தால் அதுவரை பயன்படுத்தலாம். தயாரித்த நாளைக் காலாவதி என்று நினைத்துப் புத்தம்புதுப் பாட்டிலைத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு, காலாவதியைத் தயாரிப்பு நாள் என்று நம்பி வைத்திருப்பவர்களும் உண்டு. போன் கேமராவின் மொழிபெயர்ப்பு இதற்குப் போதும். மூடி திறந்த டப்பாப் படத்துக்குள் 12 என்றிருந்தால் திறந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம். திறந்த தேதியைப் பாட்டிலின் அடியில் மார்க்கரால் எழுதிவையுங்கள்.