சீயோன் வாசலில் வலக்கைப் பக்கம் பாருங்கள்

எருசலேம் பழைய நகரத்தின் சீயோன் வாசலுக்கு வருகிறவர்கள் 1948 சண்டையில் விழுந்த குண்டுத் தழும்புகளைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். உள்ளே நுழையும்போது வலக்கைப் பக்கம் பொருத்தியிருக்கும் நீண்ட பெட்டியையும் நின்று பாருங்கள். யூதர்கள் அதை விரலால் தொட்டு, அந்த விரலை முத்தமிட்டுப் போவார்கள். அதுதான் மெசூசா. யூதக் குடியிருப்புக்குள் நடந்தால் வீட்டுக்கு வீடு நிலைக்காலில் இதையே சிறிய அளவில் காணலாம்.

பெட்டி வெள்ளியானாலும் பிளாஸ்டிக்கானாலும் ஒன்றுதான். உள்ளே சுருட்டி வைத்திருக்கும் தோல்தான் உண்மையில் மெசூசா. உண்ணத் தகுந்த விலங்கின் தோலைப் பதப்படுத்தி, கோடு கீறி, சோஃபேர் என்னும் எழுத்தர் வேதாகமத்தின் உபாகமம் 6:4-9, 11:13-21 பகுதிகளைக் கையால் எழுதுகிறார். 22 வரி, 713 எழுத்து. வரிசை மாறாமல் எழுத வேண்டும். விட்டுப்போன ஓர் எழுத்தை முடித்த பிறகு கண்டுபிடித்தால், திரும்பிப் போய்ச் சேர்க்க முடியாது. அத்தனை உழைப்பும் வீண். இந்தக் கண்டிப்பில்தான் பக்தி இருக்கிறது. எழுதி முடித்ததும் தோலை இடக்கோடியிலிருந்து வலப்பக்கமாகச் சுருட்டுவார்கள். பிரிக்கும்போது முதல் வசனம் முன்னால் வரும்.

நிலையின் உயரத்தில் மேல் மூன்றில் ஒரு பங்கு தொடங்கும் இடமே மெசூசாவுக்கு உரியது. 210 செ.மீ. உயர நிலை என்றால் தரையிலிருந்து 140 செ.மீ.; வெளி விளிம்பிலிருந்து 8 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ஸ்பெயின் வழி வந்த யூதர்களான செபராதிகள் நேராக வைப்பார்கள். நடு, கிழக்கு ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசிகள் மேல்முனை அறைக்குள் பார்க்கும்படி சாய்த்து வைப்பார்கள். மெசூசா நிற்க வேண்டும் என்றார் இடைக்கால யூத அறிஞர் ராஷி, படுக்க வேண்டும் என்றார் அவர் பேரன் ரப்பேனு தாம்; இருவர் சொல்லையும் தட்டாத வழி இது. ஆசி சொல்லிவிட்டுப் பொருத்துவார்கள். கழிவறை, குளியலறைக்கு மெசூசா கிடையாது.

வெயிலிலும் ஈரத்திலும் மை வெடிக்கும். தாலெத் என்னும் எபிரேய எழுத்தின் மூலை தேய்ந்தால் அது ரேஷ் என்னும் வேறு எழுத்து ஆகிவிடும். அந்த மெசூசா செல்லாது. அதனால் வீட்டு மெசூசாவை 7 ஆண்டில் 2 முறை சோஃபேரிடம் காட்டுகிறார்கள். நகர வாசல்போலப் பொது இடத்தில் இருப்பதற்கு 50 ஆண்டில் 2 முறை போதும்.

யூத நண்பருக்கு வாங்கிவர நினைத்தால் பெட்டியை மட்டும் வாங்குங்கள். கடைகளில் சில பெட்டிகளுக்குள் அச்சடித்த காகிதம்தான் இருக்கும், அது செல்லாது. தோலை அவர் தமக்கு நம்பிக்கையான சோஃபேரிடம் வாங்கிக்கொள்வார்.