வினைச்சொல் கடைசியில் வரட்டும்

சேலத்தில் பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, ஜெர்மன் மொழியும் பண்பாடும் படிக்க ஜெர்மனிக்கே போகிறேன் என்றேன். "அவங்க ஊருக்குப் போய் அவங்க பாஷையைவா படிக்கப் போற?" என்று அப்பா ஒருமுறை கேட்டதோடு சரி.

வீடு ஏற்காட்டில். ஆன்லைன் வகுப்பு, மழை வந்தால் கரண்ட் போய்விடும். எப்படியோ ஒன்றரை வருடத்தில் ஜெர்மன் மொழியின் இடைநிலைத் தேர்வான பி1 எழுத, அந்த மொழியைக் கற்பித்துத் தேர்வும் நடத்தும் சென்னை கோதே இன்ஸ்டிடியூட்டுக்குப் போனேன். வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். மூன்றில் தேறினேன். பேசுதலில் 54.

காரணம் எனக்கே தெரியும். 'வைல்' என்றால் 'ஏனென்றால்'. அதைப் போட்டால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போக வேண்டும். நானோ ஆங்கிலத்தில் யோசித்து நடுவிலேயே வைத்துவிடுவேன்.

தோற்ற பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம் என்பதுதான் ஒரே ஆறுதல். ஊர் திரும்பும்போது, மலைப் பேருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பத் திரும்ப, அந்த வாக்கியத்தையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்: 'வைல் இஷ் இன் டாய்ச்லண்ட் ஷ்டுடீரன் மோஷ்டெ'. திடீரென்று உறைத்தது. நான், ஜெர்மனியில், படிக்க, விரும்புவதால். அதே வரிசை! முன்னால் நிற்கும் 'வைல்' நம்மிடம் 'ஆல்' ஆகி வாலில் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். இத்தனை நாளும் ஆங்கிலத்தைத் தரகராக வைத்துத் தண்டமாகக் கமிஷன் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு மாதம் தமிழிலிருந்து நேராகப் பேசிப் பழகினேன். "என்ன சாமி, தூக்கத்துல வைல் வைல்னு கத்துற?" என்று பாட்டி கேட்கும் அளவுக்கு. பெண்ணைக் குறிக்கும் 'மேட்ஷென்' அங்கே அஃறிணை என்றதும் வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். 'குழந்தை அழுகிறது' என்று சொல்லும் நாம் எதற்குச் சிரிக்க வேண்டும்? (பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் 'டெர், டீ, டாஸ்' மட்டும் மனப்பாடம்தான், வேறு வழியே இல்லை.)

இரண்டாம் முறை 81.

பி1 வெறும் வாசற்படி. ஜெர்மனியில் படிக்கப் போகும் இந்தியர்களுக்கு, படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் 2022 நவம்பரிலிருந்து கட்டாயம், அதை வாங்கிவிட்டேன். அங்கே முதல் வருடச் செலவுக்கு முன்கூட்டியே போட்டு மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் போட வேண்டிய 11,904 யூரோவுக்கு அப்பா வங்கிக்கு அலைகிறார். நான் பார்த்த பல்கலைக்கழகங்கள் டிஎஸ்ஹெச்-2 அல்லது டெஸ்ட்டாஃப் என்ற உயர்நிலை ஜெர்மன் தேர்வு கேட்கின்றன, அதனால் இப்போது பி1-ஐவிட மேல்நிலையான சி1 வகுப்பு. போன வாரம் 'டாஸ் ஃபோம் ஃபாட்டர் கெகவுஃப்டெ ஹவுஸ்' என்ற அமைப்பைப் பார்த்து எல்லாரும் தலையில் கை வைத்தார்கள். அப்பா வாங்கிய வீடு. நான் அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டேன்.