1.9-க்கு அடுத்து 1.10 வராது: ஒரு பெர்ல் மாட்யூலைக் கையேற்ற அனுபவம்

2024 ஜூன் 30-ஆம் தேதியோடு சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான ஆதரவு முடிந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே எங்கள் அலுவலகத்தில் சர்வர்களை ஒவ்வொன்றாக அல்மாலினக்ஸ் 9-க்கு மாற்ற ஆரம்பித்திருந்தோம். என் பங்குக்கு வந்தது அறிக்கை சர்வர். தினமும் இரவு 11 மணிக்குக் கிளைவாரி வசூலைக் கூட்டி, கட்டம் கட்டமாக அடுக்கி, கிளை மேலாளர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பும், பெர்ல் மொழியில் எழுதிய நிரல் அதில் பல வருடமாகச் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பெர்ல் 5.16.3-லிருந்து ஒரே தாவலாக 5.32-க்குப் போக வேண்டும்.

அந்த நிரல் ஒரு சின்ன மாட்யூலை, அதாவது வேறொருவர் எழுதிப் பொதுவில் வைத்த துணை நிரலை, நம்பியிருந்தது. தலைப்புகளையும் வரிசைகளையும் கொடுத்தால் பத்திகளை நேராக்கி, வெறும் எழுத்தாலேயே அட்டவணை போட்டுத் தரும். அவ்வளவுதான் அதன் வேலை. கடைசி வெளியீடு 1.9. பல வருடங்களுக்கு முந்தையது. அதை எழுதியவர் இப்போது கவனம் தன் பக்கம் திரும்புவதை விரும்பவில்லை, அதனால் மாட்யூலின் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

புதிய சர்வருக்கு வெளி இணையத் தொடர்பு கிடையாது. மாட்யூல் அடங்கிய டார் கோப்பை நகல் எடுத்துப் போய், பிரித்து, நிறுவலைத் தொடங்கும் மேக்ஃபைல்.பிஎல்-ஐக் கையால் ஓட்டினேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டது. இன்க் என்ற அடைவுக்குள் இருக்கும், நிறுவ உதவும் மாட்யூல்-இன்ஸ்டால் கோப்பைக் காணவில்லை என்றது. கோப்போ என் கண்ணெதிரே அதே அடைவில் இருக்கிறது. என் மடிக்கணினியில், மாட்யூல்களை இணையத்திலிருந்து எடுத்து நிறுவும் சிபேன்எம் கருவியால் நிறுவினால் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் நிறுவுகிறது. அங்கேயும் பெர்ல் 5.32-தான்.

காரணம் பிடிபட அரைநாள் ஆயிற்று. பெர்ல் தன் மாட்யூல்களைத் தேடும் அடைவுப் பட்டியலின் கடைசியில் முன்பெல்லாம் ஒரு புள்ளி இருக்கும். ‘இப்போது நிற்கும் அடைவு’ என்று பொருள். எல்லாரும் எழுதக்கூடிய ஓர் அடைவில் நின்றுகொண்டு நீங்கள் பெர்ல் கருவி ஒன்றை இயக்கினால், அங்கே வேறொருவர் போட்டுவைத்த கோப்பு உங்கள் கணக்கின் அதிகாரத்தோடு ஓடிவிடும். அந்த ஆபத்துக்காக 2017-ல் வந்த 5.26-இல் புள்ளியை எடுத்துவிட்டார்கள். பழைய மாட்யூல்கள் நூற்றுக்கணக்கில் அந்தப் புள்ளியை நம்பியிருந்ததால், நிறுவும் கருவிகள் மட்டும் ஒரு சூழல் மாறியை (நிரலுக்கு வெளியிலிருந்து தரும் அமைப்பு) வைத்து, நிறுவும் நேரத்துக்குப் புள்ளியைத் திரும்பச் சேர்த்துக்கொள்கின்றன. கருவி வழியாகப் போனால் கதவு திறக்கும், கையால் தட்டினால் திறக்காது. இணையம் இல்லாத சர்வரில் வேலை செய்பவர்கள்தான் இதில் மாட்டுவார்கள்.

சரிசெய்ய நான்கே வரி போதும். மாட்யூல்-இன்ஸ்டாலைத் தூக்கிவிட்டு, பெர்லோடு கூடவே வரும் மேக்மேக்கர் என்ற நிறுவல் கருவிக்கு எழுதினால் முடிந்தது. எழுதினேன், நிறுவினேன், அன்று இரவு அறிக்கை போயிற்று. நான்கு வரித் திருத்தத்தை, அதாவது பேட்சை, எங்கள் அலுவலக நிரல் களஞ்சியத்தில் ஒரு மூலையில் போட்டேன்.

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் பயனர்கள் குறைகளைப் பதிவு செய்யும், மாட்யூலின் டிக்கெட் பட்டியலைத் திறந்து பார்த்தபோது மனது கேட்கவில்லை. இதே நான்கு வரியை வெவ்வேறு வருடங்களில் மூன்று பேர் எழுதி இணைத்திருந்தார்கள். ஒருவருக்கும் பதில் இல்லை. ஒவ்வொருவரும் தன் வீட்டுக் கூரையை மட்டும் ஒழுகாமல் அடைத்துக்கொண்டு, ஊர்ச் சத்திரத்தின் கூரையை அப்படியே விட்டிருக்கிறோம். ஐந்தாவது ஆளும் வேறு ஏதோ ஒரு சர்வர் அறையில் உட்கார்ந்து இதையே எழுதக் கூடாது என்றுதான் இறங்கினேன்.

பெர்ல் மாட்யூல்களின் பொதுக் காப்பகமான சிபேன் 1995-லிருந்து இருக்கிறது. இன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மாட்யூல்கள் அதில் உண்டு. அதற்குள் போகும் வாசல் பாஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பதிவேற்ற சர்வர். அங்கே கணக்குக் கேட்டால் இயந்திரம் கொடுத்துவிடாது. எதற்காகக் கேட்கிறோம் என்று எழுத வேண்டும், மனிதர்கள் படித்துப் பார்த்து ஒப்புதல் தருவார்கள். எனக்குச் சில நாளில் கிடைத்தது.

கணக்கு இருந்தால் புதிதாக எதை வேண்டுமானாலும் ஏற்றலாம். இன்னொருவர் பெயரில் இருக்கும் மாட்யூலைத் தொட மட்டும் அவர் உரிமை தர வேண்டும். யார் முதலில் ஏற்றினாரோ அந்தப் பெயர் அவருடையது, அவர் விரும்பினால் இணைப் பராமரிப்பாளர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். எழுதியவரை எந்த வழியிலும் எட்ட முடியவில்லை என்றால் மட்டுமே பாஸ் நிர்வாகிகளிடம் போக வேண்டும். நாம் என்னென்ன முயற்சி செய்தோம் என்று காட்டினால் அவர்கள் யோசித்து மாற்றித் தருவார்கள்.

அவருடைய பழைய முகவரிக்கு எழுதியது திரும்பி வந்துவிட்டது. வேறொரு திட்டத்தின் கமிட் (மாற்றப் பதிவு) வரலாற்றில் புதிய முகவரி ஒன்று கிடைத்தது. அதற்கு எழுதி மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான, ஆனால் கறாரான பதில். நீங்கள் யார், என்ன மாற்றப் போகிறீர்கள், முதலில் காட்டுங்கள் என்று கேட்டிருந்தார்.

அவர் கேட்டது நியாயம். அந்த வருடம் மார்ச் 29-ஆம் தேதிதான் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியின் விவகாரம் வெளியே வந்திருந்தது. பல காலம் உதவிக்கரமாகப் பழகி, பராமரிப்பாளராகவே ஆகிவிட்ட ஒரு கணக்கிலிருந்து 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் நுழைக்கப்பட்டிருந்தது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைவது அரை விநாடி தாமதமாவது ஏன் என்று துருவப் போய் அதைக் கண்டுபிடித்தார். முகம் தெரியாத ஒருவன் ‘உங்கள் மாட்யூலை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று வந்து நின்றால் எவருக்கும் சந்தேகம் வரத்தான் வேண்டும்.

மாற்றங்களைத் தனித்தனி கமிட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஏன் என்று இரண்டு வரி எழுதி அனுப்பினேன். அவர் உட்கார்ந்து முழுவதையும் படித்திருக்கிறார். ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டினார். மாட்யூலைச் சோதிக்கும், சிதறிக் கிடந்த மூன்று டெஸ்ட் கோப்புகளை ஒன்றாக்கும்போது, தலைப்பு மட்டும் இருந்து வரிசை ஒன்றுகூட இல்லாத அட்டவணைக்கான டெஸ்டை நான் விட்டுவிட்டேன். அது எதற்கென்று தெரியுமா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். பொங்கல் விடுமுறையில் எங்கள் கிளை ஒன்றில் வசூலே இருக்காது. அன்று போகும் அறிக்கை அதே வடிவம்தான். டெஸ்டைத் திரும்பச் சேர்த்து அனுப்பினேன். மறுநாள் இணைப் பராமரிப்பாளர் உரிமை கொடுத்துவிட்டார்.

முதல் வெளியீட்டை 1.10 என்று ஏற்றினேன். 1.9-க்கு அடுத்து 1.10 என்று இயல்பாக வந்துவிட்டது. சில நிமிடத்தில் பாஸ் சர்வரிலிருந்து இரண்டு மின்னஞ்சல். கோப்பு வந்து சேர்ந்தது என்றது முதலாவது. சிபேனின் மாட்யூல் அட்டவணையில் சேர்க்க முடியவில்லை என்றது இரண்டாவது. காரணங்களும் இரண்டு.

முதல் காரணம் எண். பெர்லுக்கு இது தசம எண். 1.10-உம் 1.1-உம் ஒன்றே, அது 1.9-ஐவிடச் சிறியது. புதியது என்று நான் ஏற்றியதைப் பழையதைவிடப் பழையதாகப் பார்த்திருக்கிறது. முன்னால் ஒரு வி எழுத்தைப் போட்டு மூன்று பகுதியாக வி1.10.0 என்று எழுதினாலும் தப்பிக்க முடியாது. அந்தக் கணக்கில் 1.9 என்பது வி1.900.0. இனி 1.91, இல்லையென்றால் 2.00. வேறு வழியில்லை.

இரண்டாவது காரணம் உரிமை. அந்த டார் கோப்புக்குள் முதன்மை மாட்யூலோடு ஒரு துணை மாட்யூலும் தனிப் பெயரில் இருக்கிறது. உரிமை கொடுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பெட்டி. அவர் முதல் பெட்டியை மட்டும் டிக் செய்திருக்கிறார். அவ்வளவு வருடம் கழித்து உள்ளே போனவருக்கு இது நினைவில் இருக்குமா? சிபேன் மாட்யூல்களைத் தேடிப் பார்க்கும் மெட்டாசிபேன் தளத்தில் என் பதிவேற்றத்தின் மேல் ‘அங்கீகாரமற்ற வெளியீடு’ என்று சிவப்பில் விழுந்துவிட்டது. பார்க்கிற எவருக்கும் நான் ஏதோ கள்ளத்தனம் செய்ததாகத்தான் தோன்றும். அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

ஒருமுறை ஏற்றிய கோப்புப் பெயரில் இன்னொரு கோப்பை ஏற்ற முடியாது. அழிக்கச் சொன்னாலும் உடனே அழியாது, மூன்று நாள் பொறுத்துத்தான் எடுக்கும். எடுத்த பிறகும் பேக்பேன் என்ற காப்பகத்தில் நகல் இருக்கும். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு நிம்மதியாக இருந்தது. 2016-ல் ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்களின் காப்பகமான என்பிஎம்-இல் லெஃப்ட்-பேட் என்ற சில வரி மாட்யூலை அதன் ஆசிரியர் நீக்கியதும், அதை நம்பியிருந்த எத்தனையோ பில்டுகள் உடைந்து விழுந்தன. சிபேனில் ஒருவர் கோபத்திலோ கவனக்குறைவிலோ எதையும் இல்லாமல் ஆக்கிவிட முடியாது.

விட்டுப்போன பெட்டிக்காக அவருக்கு மறுபடி எழுதினேன். பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று 1.91_01 என்று சோதனை வெளியீடு ஒன்றை ஏற்றினேன். எண்ணில் அடிக்கோடு இருந்தால் அது அட்டவணையில் சேராது, சாதாரணப் பயனர்களுக்குப் போகாது. ஆனால் சிபேன் டெஸ்டர்கள் எடுத்து ஓட்டிப் பார்ப்பார்கள்.

இந்த டெஸ்டர்களைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. எல்லாரும் தன்னார்வலர்கள். தங்கள் கணினிகளில், தங்கள் மின்கட்டணத்தில், சிபேனுக்கு வரும் ஒவ்வொரு பதிவேற்றத்தையும் பழைய பெர்ல், புதிய பெர்ல், லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி என்று ஓட்டி அறிக்கை அனுப்புகிறார்கள். டெஸ்டின் முழு வெளியீட்டோடு, அந்தப் பெர்ல் எப்படிக் கட்டப்பட்டது என்ற விவரமும் அதில் இருக்கும். நான் கேட்கவில்லை, கூலியும் இல்லை. மறுநாள் காலை காபியோடு அந்த அறிக்கைகளைத் தொகுத்துக் காட்டும் கட்டத்தைத் திறந்தேன். ஒரு பக்கம் பெர்ல் பதிப்புகள், மேலே இயங்குதளங்கள், நடுவில் தேறியதற்குப் பச்சையும் தோற்றதற்குச் சிவப்பும்.

5.16-உம் அதற்கு முந்தையவையும் பச்சை. ஒரே ஒரு 5.8.9 மட்டும் சிவப்பு. 5.10-இல்தான் அறிமுகமான இரட்டைச் சாய்கோட்டு ஆபரேட்டரை நான் பழக்கத்தில் எழுதியிருந்தேன், எடுத்துவிட்டேன். 5.18-லிருந்து மேலே போகப் போகத்தான் குழப்பம். ஒரே லினக்ஸ், ஒரே 5.36, ஓர் அறிக்கை பச்சை, அடுத்தது சிவப்பு. ஏறத்தாழ பாதிக்குப் பாதி. என் கணினியில் மூன்று முறை ஓட்டி மூன்றும் தேறியிருந்தது.

அந்தப் பாதிக்குப் பாதிதான் துப்பு கொடுத்தது. தோற்ற டெஸ்டில் இரண்டு பத்திகள், ‘கிளை’, ‘தொகை’ மாதிரி. வரிசை சொல்லாமல் ஹேஷாக (பெயரும் மதிப்புமாகச் சேர்த்து வைக்கும் தொகுப்பாக) கொடுத்து, முதலில் இது பிறகு அது என்று எதிர்பார்க்கிறது. 5.16 வரை ஒரே நிரலை எத்தனை முறை ஓட்டினாலும் ஹேஷின் சாவிகள், அதாவது அந்தப் பெயர்கள், ஒரே வரிசையில் வரும். 2013-ல் வந்த 5.18-லிருந்து ஒவ்வொரு ஓட்டத்திலும் சீட்டுக் குலுக்கியது மாதிரி மாறும். சாவிகளை முன்கூட்டிக் கணித்து சர்வரைத் திணறடிக்கும் தாக்குதலைத் தடுக்கச் செய்த மாற்றம் அது. இரண்டு சாவி என்றால் பாதி முறை சரியாகவும் பாதி முறை தலைகீழாகவும் வரும். அந்தக் குலுக்கலைத் தீர்மானிக்கும் ஹேஷ் விதைக்கான சூழல் மாறியை வெவ்வேறு எண்ணாக வைத்து 200 தடவை சுற்றவிட்டேன். என் கணினியிலும் சிவப்பு கொட்டியது.

டெஸ்டை மட்டும் திருத்தினால் கட்டம் பச்சையாகிவிடும். ஆனால் டெஸ்ட் சரியாகத்தான் குறை சொல்லியிருக்கிறது. மாட்யூலே வரிசை சொல்லாத ஹேஷை வாங்கி, சாவிகள் வந்தபடி பத்திகளை அச்சிடுகிறது. இன்று தொகை இடப்பக்கம், நாளை வலப்பக்கம். எங்கள் நிரல் எப்போதும் வரிசையைச் சொல்லிக் கொடுப்பதால் எங்களுக்குத் தெரியவில்லை. சொல்லாதவர்கள் இத்தனை வருடமாக என்ன பார்த்துக்கொண்டிருந்தார்களோ! வரிசை சொல்லாவிட்டால் அகரவரிசை என்று மாற்றினேன். பழைய நடத்தையை மாற்றும் முன் பத்து தடவை யோசிக்க வேண்டும் என்பது என் கொள்கை. இங்கே பழைய நடத்தை என்று நிலையாக ஒன்றுமே இல்லாததால் துணிந்தேன்.

எங்களுக்கென்று ஒரு வேலையும் இருந்தது. கிளைப் பெயர்களைத் தமிழில் அச்சிடச் சொல்லியிருந்தார்கள். மாட்யூல் அகலத்தை நீளச் செயற்கூறால் அளக்கிறது. டிகோட் செய்யாமல் (பைட்டுகளை எழுத்தாக மாற்றாமல்) கொடுத்தால் ‘கோவை’ 12 பைட்டு, டிகோட் செய்தால் 4 குறியெழுத்து, நம் கண்ணுக்கு 2 எழுத்து. போதாததற்கு ‘கோ’வின் கொம்பையும் காலையும் பிரித்து வைத்த வடிவில் தரவு வந்தால் 4 என்பது 5 ஆகும். பெர்லில் எழுத்து வடிவங்களைத் தேட உதவும் ரெகெக்ஸில் பெரிய எக்ஸ் குறியீடு நாம் எழுத்து என்று நினைப்பதையே ஓர் அலகாக எடுக்கும், இரண்டு வடிவத்துக்கும் 2 என்றே சொல்லும். அதை வைத்து எண்ணும் வசதியைச் சேர்த்தேன், கேட்டால் மட்டும் இயங்கும்படி. ‘கோ’வும் ‘டி’யும் திரையில் ஒரே அகலம் இல்லையே, அதனால் தமிழ்ப் பத்தி நூல் பிடித்தாற்போல் நிற்காது. முன்பு இருந்ததைவிட எவ்வளவோ மேல், அதற்கு மேல் உறுதி தரவில்லை என்று ஆவணத்தில் அப்படியே எழுதினேன்.

விட்டுப்போன பெட்டிக்கான உரிமை பத்து நாளில் வந்தது. 1.91_02 முழுப் பச்சை. 1.92 அட்டவணையில் ஏறியது. மாற்றக் குறிப்பில் அந்த மூன்று பேர் பெயரையும் எழுதினேன். அந்த நான்கு வரி எனக்கு முன்னால் அவர்களுடையது. டிக்கெட்டுகளை மூடும்போது ஒவ்வொருவருக்கும் தனியாக நன்றி எழுதினேன். அலுவலக சர்வரில் 1.92-ஐக் கையால் நிறுவி, எங்கள் களஞ்சியத்தின் மூலையில் இருந்த பேட்சை அழித்தேன்.

மூவரில் ஒருவர் பதில் எழுதினார். இன்னும் இதைத் தினமும் பயன்படுத்துகிறாராம், கூடமாட உதவலாமா என்று கேட்டார். எழுதியவரிடம் சம்மதம் கேட்டேன். பெயர்களின் முழு உரிமையையும் என் பக்கம் மாற்றிவிட்டு, இனி நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார் அவர். உதவ முன்வந்தவர் அதற்குள் அனுப்பியிருந்த இரண்டு மாற்றங்களையும் வரி வரியாகப் படித்தேன். பிறகு பாஸ் பக்கத்தைத் திறந்து அவருடைய கணக்கின் பெயரை இட்டு, முதன்மை மாட்யூல், துணை மாட்யூல் இரண்டு பெட்டியிலும் டிக் விழுந்திருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.