ஸ்கேல் வைத்து அடித்த வரி

என்னிடம் ஆங்கில டியூஷன் படிக்கும் பத்தாம் வகுப்பு மாணவி, கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த வேலூர்ப் புரட்சிக்கு ஐந்து மதிப்பெண் விடை எழுதி வந்து, "இங்கிலீஷ் மட்டும் பாத்துக் குடுங்க சார்" என்றாள். காரணங்கள் எல்லாம் ஒழுங்காக வந்திருந்தன. 1805 நவம்பரில் வந்த புதுத் தலைப்பாகை உத்தரவு, அதில் வைத்த தோல் குஞ்சம், நெற்றியில் மதக்குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற கட்டளைகள், கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் மகன்கள். 1806 ஜூலை 10 என்ற தேதியும் சரி. கடைசிப் பத்தியில்தான் நான் எதிர்பார்க்காத ஒரு வரி: மருத்துவமனையில் படுத்திருந்த ஆங்கிலேய நோயாளி வீரர்களையும் சிப்பாய்கள் கொன்றார்கள்.

"இந்த வரி வேண்டாம்மா, எடுத்துடு."

"நடக்கலையா சார்?"

"நடந்ததுதான்."

"அப்போ ஏன்?"

"கேள்வி காரணத்தையும் விளைவையும் கேக்குது. இதுக்கு மார்க் இல்லை."

ஸ்கேல் வைத்து அடித்தாள். அப்புறம் அடுத்த வரியைக் காட்டினாள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி வந்ததும் சிப்பாய்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்று எழுதியிருந்தாள். "இது இருக்கலாமா?" இருக்கட்டும், அது விளைவு என்றேன். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. அந்த வாரம்தான் செய்வினை, செயப்பாட்டுவினை நடத்தியிருந்தேன். எடுக்கச் சொன்ன வரியில் கொன்றவர் யார் என்று இருந்தது, இருக்கட்டும் என்ற வரியில் இல்லை. அதையும் நான் சேர்க்கச் சொல்லவில்லை.

நான் சொன்னது தவறு என்று இன்றும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பொதுத்தேர்வுத் தாளைத் திருத்துபவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும். அதில் இருக்கும் குறிப்புகளைத்தான் அவர் தேடுவார். அந்த வீட்டில் ஆங்கில வழியில் படிக்கும் முதல் பிள்ளை அவள். அவள் அப்பா எனக்குக் கொடுக்கும் பணம் மதிப்பெண்ணுக்காகத்தான். ஊரும் வேலூர். மக்கான் சந்திப்பில் சிப்பாய்களுக்கு நினைவுத்தூண் நிற்கிறது, ஜூலை 10 அன்று மாலை போடுகிறார்கள். அந்த வரியை யாராவது வேறு மாதிரி படித்தால் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தானே?

ஆனால் கோட்டைக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில், அன்று செத்த ஆங்கிலேயப் படையினருக்கும் நினைவுச்சின்னம் இருக்கிறது. இரண்டையும் பார்த்து வளர்ந்தவளிடம் ஒன்றை மட்டும் எழுது என்று நான் சொல்ல வேண்டுமா?

இன்னொன்றும் உறுத்துகிறது. இதே பிள்ளை ஆங்கிலக் கவிதைக்குக் கட்டுரை எழுதினால் நானே விடமாட்டேன். "நோட்ஸ்ல இருக்கறது வேண்டாம், உனக்கு என்ன தோணுது, அதை எழுது" என்பேன். வரலாற்றுத் தாளில் அவளாகத் தேடிக் கொண்டுவந்ததை எடுக்கச் சொல்கிறேன்.

அன்று கோட்டைக் கதவைப் பீரங்கியால் சுட்டுத் திறந்த ஆங்கிலேயப் பொறியியல் அதிகாரி ஜான் பிளாகிஸ்டன். அரண்மனையில் ஒளிந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டதைப் பல வருடம் கழித்து எழுதினார். அப்போது கலங்காமல் பார்த்தாராம், நியாயமான தண்டனை என்றே நினைத்தாராம். காலம் போனபின் அதைச் சரி என்று சொல்வது கடினமாக இருக்கிறது, அன்றைய மனநிலையை விளக்கவும் முடியவில்லை என்கிறார். சுட்ட பக்கத்தில் நின்றவராலேயே அப்படி எழுத முடிந்திருக்கிறது. ஆனால் அவருக்கு மூன்று மணி நேரத் தேர்வு இல்லை, பல வருடம் இருந்தது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு கொலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எத்தனை வரி வேண்டும்? ஐந்து மதிப்பெண் விடையில் அத்தனை இடம் உண்டா? இடம் இல்லை என்பதால் ஒன்றை எடுக்கலாமா, இரண்டையுமா?

இந்த வருடமும் பத்தாம் வகுப்புக்கு அதே பாடம். யாராவது அந்த வரியோடு வந்தால், வகுப்பு நோட்டில் இருக்கட்டும், பரீட்சையில் நேரம் இருந்தால் எழுது என்று சொல்லலாம் என நினைத்திருக்கிறேன். பரீட்சையில் நேரம் இருக்காது என்பது எனக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும்.