9.20 லட்சம் லாபம் காட்டிய கடையை வாங்கியபோது

போன வருடம் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு ஹார்டுவேர் கடை விலைக்கு வந்தது. உரிமையாளருக்கு வயதாகிவிட்டது, மகன் வெளியூரில் வேலை. சரக்கு தனி, குட்வில் (கடையின் பேருக்கும் வாடிக்கைக்கும் தரும் விலை) மட்டும் 15 லட்சம் என்றார். லாப நஷ்டக் கணக்கின் கடைசி வரியில் நிகர லாபம் 9.20 லட்சம். அதைப் பார்த்ததுமே வாங்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். என் மச்சான்தான் பிடிவாதமாக ஓர் ஆடிட்டரிடம் கூட்டிப்போனான்.

அவர் முதலில் கேட்டது, "வாடகை எங்கே?" தேடினேன், இல்லை. கட்டடம் கடைக்காரருடையது, அவருக்கு வாடகை கிடையாது. எனக்கோ மாதம் 25,000, வருடத்துக்கு 3 லட்சம். பில் போடுவது அவர் மனைவி, சம்பளம் இல்லை. அந்த இடத்தில் ஆள் வைத்தால் 1.80 லட்சம். அவருடைய வங்கிக் கடன் வட்டி 1.40 லட்சம் எனக்கு வராது என்பதால் அதைத் திரும்பக் கூட்டினோம். 5.80 லட்சம் நின்றது.

அவருடைய வருமான வரி ரிட்டர்ன், சிறு வணிகர்களுக்கான 44ஏடி பிரிவில் போட்டது. விற்பனையில் 8 சதவீதம் (வங்கி வழியாக வந்த தொகைக்கு 6) லாபம் என்று காட்டினாலே போதும், அதனால் அதை வைத்து உண்மையான லாபத்தைப் பிடிக்க முடியாது. மாதாமாதம் போடும் ஜிஎஸ்டி ரிட்டர்னோடு (3பி) விற்பனை ஒத்துப்போனது. வங்கி வரவு கூடுதலாகத் தெரிந்ததும் பயந்துவிட்டேன், அப்புறம்தான் புரிந்தது, வாடிக்கையாளர் கட்டும் ஜிஎஸ்டியும் அதில் சேர்ந்திருக்கும், கணக்கில் விற்பனையாக வராது.

உண்மையான சிக்கல் ஸ்டாக்கில் இருந்தது. ஆரம்ப இருப்போடு கொள்முதலைக் கூட்டி, கடைசி இருப்பைக் கழித்தால் விற்ற சரக்கின் அடக்கம் வரும். ஆகவே கடைசி இருப்பு 2 லட்சம் கூடுதலாக எழுதப்பட்டால் லாபமும் 2 லட்சம் கூடுதலாகத் தெரியும். இங்கே விற்பனை அதே 96 லட்சம், ஸ்டாக் மட்டும் 22-லிருந்து 28 லட்சமாகியிருந்தது. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். டிஸ்டெம்பர் டின்னைத் திறந்தால் கல்லாக இறுகியிருந்தது, கீல்கள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன, யாரும் கேட்காத பழைய மாடல் சுவிட்சுகள் பெட்டி பெட்டியாக இருந்தன. எல்லாம் வாங்கிய விலையிலேயே கணக்கில் இருந்தது. அந்த வருடம் மட்டும் 2 லட்சமாவது நஷ்டமாக எழுதித் தள்ளியிருக்க வேண்டும் என்றார் ஆடிட்டர். மிச்சம் 3.80 லட்சம், மாதம் 32,000-கூட இல்லை, அதிலும் என் உழைப்புக்கான கூலி அடக்கம்.

கடைக்காரர் ஏமாற்றவில்லை, அதை அழுத்திச் சொல்கிறேன். அவர் கணக்கு அவருக்குச் சரி, எனக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். எடுத்துச் சொன்னதும் பொறுமையாகக் கேட்டார், குட்வில் 4 லட்சத்தில் முடிந்தது. வரவேண்டிய பாக்கி 11 லட்சத்தில் 4 லட்சம் மூன்று வருடத்துக்கு மேற்பட்டது, அதனால் பாக்கி முழுவதையும் அவரே வசூலித்துக்கொள்ளட்டும் என்று விட்டோம். தொழில் கைமாறினால் பழைய ஜிஎஸ்டி பாக்கிக்கு வாங்குபவரும் பொறுப்பு (சட்டத்தின் 85-வது பிரிவு), அதை அவரே கட்டுவதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஸ்டாக் எண்ணினோம். இறுகிப்போன டின்களை நான் எடுக்கும் முன்பே அவரே ஓரமாக நகர்த்தி வைத்தார், "இதையெல்லாம் எழுதாதீங்க தம்பி" என்று. சரக்கு 22.60 லட்சம் என்று கையெழுத்துப் போட்டோம்.