எஃப்.ஐ.ஆரின் மூலையில் ஒரு நேரம்

கொலை வழக்கு. குற்றம் சாட்டப்பட்ட பையனுக்காக வாதாடும் எங்கள் சீனியர் வக்கீல், விசாரணைக்கு முந்தின ராத்திரி எஃப்.ஐ.ஆர் (முதல் தகவல் அறிக்கை) நகலை மட்டுமே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். இரவு 9 மணிக்குப் பதிவானது என்கிறது ஸ்டேஷன். மாஜிஸ்திரேட் வாங்கிக் கையெழுத்திட்ட நேரம் மறுநாள் மதியம் 2.30. நடுவில் தூரம் நாலு கிலோமீட்டர்தான்!

எஃப்.ஐ.ஆரைப் பிறகு யோசித்து எழுதியிருக்கலாமே என்று, குறுக்கு விசாரணையில் அந்த இடைவெளியைத்தான் பிடித்தார். இன்ஸ்பெக்டரிடம் பதில் இல்லை. அரிவாளைக் கைப்பற்றியதாகப் போலீஸ் சொன்ன இடத்துக்கே போகவில்லை, ஸ்டேஷனில்தான் கையெழுத்துப் போட்டேன் என்று மகஜர் (பொருளைக் கைப்பற்றியதற்கு எழுதும் பதிவு) சாட்சியும் சொல்லிவிட்டார். போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தில் பொருளைக் கண்டெடுக்க வழிசெய்த பகுதி மட்டுமே செல்லும், அரிவாள் எடுத்த கதையே நிற்காததால் அதுவும் போனது.

"கொலைகாரனுக்கா வாதாடுறே?" என்று மாமா கேட்கிறார். நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு, மாமா. பதினாலு மாசம் உள்ளே இருந்த பையன், விடுதலை என்றதும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.