கிரேக்கத் தீவுகளின் சீதனப் பத்திரங்களில் உடை தேடுவது: ஆய்வுக்கு வருகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

ஆடை வரலாறு படிக்கிறவர்கள் கிரேக்கம் என்றாலே பளிங்குச் சிலைகளுக்குப் போய்விடுவார்கள். முதுகலை ஆய்வுக்கு நான் எடுத்தது அதிலிருந்து வெகு தூரம்: 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ஏஜியன் தீவுப் பெண்கள் என்ன உடுத்தினார்கள் என்பது. ஏதென்ஸின் பெனாக்கி அருங்காட்சியகத்திலும் லண்டனிலும் தீவுகளின் பூவேலைத் துணிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பகுதி படுக்கைத் திரை, தலையணை உறை. முழு உடையாகக் கிடைப்பவை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதற்கு முன்னால் போக நினைத்தால் கல்யாணப் பத்திரங்களைத்தான் புரட்ட வேண்டும்.

ப்ரீகோசிம்ஃபோனோ என்பது பெண் வீட்டார் எழுதிக் கொடுக்கும் சீதன ஒப்பந்தம். பெற்றோரின் ஆசி, ஒரு மரியன்னை படம், வீடு, நிலம், மரங்கள், அப்புறம் கட்டில், மெத்தை, செப்புப் பாத்திரம், உடை, நகை என்று பட்டியல் நீளும். எழுதுவது நோட்டரி, சின்ன ஊரானால் பாதிரியாரே எழுதிவிடுவார். கிரேக்கத்தில் சீதனம் சட்டப்படி ஒழிந்தது 1983இல்தான். அதனால் இந்த வகை ஆவணம் பல நூற்றாண்டுகளுக்குத் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது.

முதலில் எந்தத் தீவு என்று முடிவு செய்யுங்கள். காப்பகம் எங்கே இருக்கிறது, என்ன மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்வது நல்லது. தீவின் அழகு இதில் உதவாது. வெனிஸ் ஆட்சியில் இருந்த கிரீட் 1669இல் ஒட்டோமான் கைக்குப் போனபோது அதன் தலைநகரான கண்டியாவின் நோட்டரிகள் எழுதிய ஏடுகள் வெனிஸுக்குப் போய்விட்டன, இன்றும் வெனிஸ் அரசுக் காப்பகத்தில்தான் இருக்கின்றன. கோர்ஃபுவின் ஏடுகள் அங்கேயே பழைய கோட்டைக்குள் பத்திரமாக உள்ளன. ஸாகிந்தோஸ் காப்பகமோ 1953 நிலநடுக்கத்தைத் தொடர்ந்து வந்த தீயில் எரிந்துபோனது. நக்சோஸ், மிக்கோனோஸ் போன்ற சிக்லேட்ஸ் தீவுகளின் பத்திரங்கள் கணிசமாக அச்சிலேயே வந்துவிட்டன. அச்சில் வந்ததை வைத்துத் தொடங்குங்கள். கையெழுத்துப் படிகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் முதலில் இறங்கினால் ஒரு பருவம் முழுக்கப் போய்விடும், கையில் ஒன்றும் மிஞ்சாது.

மொழி விஷயத்தில் ஆசிரியர்கள் பழங்கிரேக்கம் படிக்கச் சொல்வார்கள். என் அபிப்பிராயம், இந்த வேலைக்கு இன்றைய கிரேக்கம்தான் அடிப்படை. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஒரே சொல் ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக இருக்கும். வாய்விட்டுப் படித்தால் பாதி புரிந்துவிடும். துணி, உடைப் பெயர்களில் வெனிஸ் வழியாக வந்தவை ஏராளம். வெல்வெட்டுக்கு அவர்கள் சொல்லும் வெலூதோவும், ஃபுஸ்தானி என்ற கவுனும் அப்படி வந்தவைதான். துருக்கியம் வழியாக வந்தவையும் உண்டு. ஆகவே கிரியாராஸின் இடைக்காலக் கிரேக்க அகராதியோடு, 1829இல் வெளிவந்த போயேரியோவின் வெனிஸ் வட்டார வழக்கு அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கர் வாழ்ந்த தீவுகளில் கிரேக்க மொழியை லத்தீன் எழுத்தில் எழுதிய தாள்களும் வரும். பதற வேண்டாம், அதையும் வாய்விட்டே படியுங்கள்.

ஆண்டைக் கவனிக்க வேண்டும். பல பத்திரங்களில் அது எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கும்: ஆல்ஃபா, ப்சி, இயோட்டா, பீட்டா என்று வந்தால் 1000, 700, 10, 2; ஆக 1712. இதோடு முடியவில்லை. வெனிஸ் கணக்கில் புத்தாண்டு மார்ச் 1ஆம் தேதி பிறக்கும். அந்தக் கணக்கில் எழுதிய 1712 பிப்ரவரிப் பத்திரம் நம் கணக்கில் 1713. கல்யாணங்கள் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நிறைய வரும். வரிசை பிசகினால் அட்டவணை முழுக்கப் பிசகும்.

அட்டவணை என்றதும் சொல்கிறேன். ஒவ்வொரு உடைக்கும் ஒரு வரி. மூலத்தில் உள்ள எழுத்துக்கூட்டல் ஒரு பத்தியில் அப்படியே இருக்கட்டும். நீங்கள் திருத்திய வடிவம் வேறு பத்தியில். துணி, நிறம், எண்ணிக்கை, புதிதா உடுத்தியதா, மதிப்பு, நாணயம் எல்லாம் தனித்தனியே. விலையை ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு ஒப்பிடாதீர்கள், ஆஸ்ப்ரா, ரியால், செக்கினி என்று நாணயம் மாறும், மதிப்பும் இறங்கும். அதே பத்திரத்துக்குள் ஒப்பிடலாம்: பட்டு கவுனுக்குப் போட்ட தொகை, செப்புக் குண்டானுக்குப் போட்டதைப் போல எத்தனை மடங்கு? இதற்கு வரும் பதில் பெரும்பாலும் நாணய மாற்றுக் கணக்கைவிட உபயோகமானது.

இந்தப் பட்டியல்கள் சொத்துக்காக எழுதப்பட்டவை, உடையை வர்ணிக்க வந்தவை அல்ல. இது ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் வரிசையாகப் பிடிபடும். நோட்டரிக்கு வேண்டியது பின்னால் வழக்கு வந்தால் பொருளை அடையாளம் காட்டும் அளவு விவரம். அதனால் துணியும் நிறமும் சொல்வார். வெட்டும் தையலும் சொல்ல மாட்டார், ஊருக்கே தெரிந்த விஷயம் அது. வெனிஸ் பாணி உடையில் கைகள் தனியே கழற்றி மாட்டுபவை, எனவே கிரீட்டின் பட்டியல்களில் கைகள் ஜோடிக் கணக்கில் தனி உருப்படியாக வரும். இதைப் பார்த்ததும் உடையின் அமைப்பே கண்ணுக்குத் தெரியும். ஆனால் இப்படி வெளிச்சம் தரும் இடங்கள் குறைவு.

மிச்சத்துக்குப் படங்களிடம் போக வேண்டும். பிரெஞ்சுத் தாவரவியலாளர் துர்ன்ஃபோர் 1700 முதல் 1702 வரை இந்தப் பக்கம் பயணம் செய்தவர். 1717இல் அச்சான அவருடைய பயண நூலில் மிக்கோனோஸ் பெண்ணின் உடை ஓவியத்தோடு இருக்கிறது. ஒவ்வொரு பகுதியாக விவரித்தும் இருக்கிறார். அதே தீவின் அதே தலைமுறைப் பத்திரங்களை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தச் சொல் உடலின் எந்தப் பகுதிக்கு என்று ஒவ்வொன்றாகப் பொருத்தலாம். பயணிகள் வெளியூர்க்காரர்கள், விநோதத்தைத் தேடி வந்தவர்கள், அது நினைவிருக்கட்டும். பத்திரத்தில் அந்தக் குறை இல்லை, அதற்கு வேறு குறை.

வாய்மொழித் தேர்வில் அந்தக் குறையைத்தான் பிடித்தார்கள். "பட்டியலில் இருக்கிறது சரி, அவள் அதை உடுத்தினாள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்னது இது: ஒப்பந்தம் ஒரு வாக்குறுதி, பொருள் கைமாறியதற்குச் சில சமயம் தனி ரசீது உண்டு, அது கிடைத்த இடங்களைக் குறித்திருக்கிறேன். அம்மாவின் உடை மகளுக்கு வந்திருக்கலாம், ஆகவே பத்திரத்தின் ஆண்டை அந்த உடை தைத்த ஆண்டாக எங்கும் எடுக்கவில்லை. உயில்களையும் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியல்களையும் சேர்த்துப் பார்த்தேன். அங்கே பழசும் கிழிசலும் வரும், சீதனத்தில் அவை வராது. பத்திரம் எழுத வசதியில்லாத வீட்டுப் பெண்களைப் பற்றி இந்த ஆய்வு பேசவில்லை என்பதை முதல் அத்தியாயத்திலேயே எழுதியிருக்கிறேன்.

கடைசியாகச் சொன்னதைத்தான் அவர்கள் அதிகம் துருவினார்கள். எல்லையை ஆய்வேட்டின் முடிவுரையில் ஒளித்து வைக்காமல் தொடக்கத்திலேயே போட்டிருந்ததால் பக்க எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போக முடிந்தது.